கண் எழுதாத படம்

ஓவிய ஆசிரியைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை என்று என்னைக் கேட்டால் சொல்வேன். சுதந்திர தினத்துக்கு முதல் நாள் வாசலில் பெரிய கோலம் போட ஆள் வேண்டும், அதற்கு நான். மேலதிகாரி யாராவது வருகிறார் என்றால் வரவேற்புப் பலகை எழுத வேண்டும், அதற்கும் நான். பாடம் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் வந்து நின்றால், தூக்கிக் கொடுப்பதற்கு என் பீரியட் இருக்கிறது. "டிராயிங்தானே டீச்சர், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். இருபது வருடத்தில் அந்த 'அப்புறம்' ஒருநாளும் வந்ததில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளி எங்களுடையது. ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, உனக்குப் பிடித்ததை வரை என்று சொல்லிப் பாருங்கள். அத்தனை பேரும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலு காக்கை. இந்த ஊரில் எங்கே இருக்கிறது மலை? பாலாற்றில் மணலைப் பார்த்த அளவுக்குத் தண்ணீரைப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஓலை வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகூடத் தன் வீட்டை வரையாது, படத்தில் வரும் அந்தக் குடிசையைத்தான் வரையும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் "ஸ்கூல்ல மிஸ்" என்பார்கள். எந்த ஸ்கூல், எந்த மிஸ் என்று தேடிக்கொண்டு போனால் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும். பத்து வருடம் நானும் அதையேதான் கரும்பலகையில் போட்டேன்.

நான் வளர்ந்த விதம் அப்படி. பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடு. புடவைக் கரையில் வரவேண்டிய மயிலை முதலில் கட்டம் போட்ட தாளில் நிரப்பியாக வேண்டும். அப்பா கொண்டுவரும் தாளைப் பார்த்து, கட்டம் கட்டமாக எண்ணி, இன்னொரு தாளில் நிரப்பித் தருவது என் வேலை. ஒன்பது வயதில் ஒருநாள், மயில் கழுத்தைக் கொஞ்சம் வளைத்து, அது திரும்பிப் பார்க்கிற மாதிரி நிரப்பிவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. அப்பா தாளை வாங்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மயிலு எப்படி இருக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கமா. நீ புதுசா ஒண்ணும் பண்ணத் தேவையில்ல" என்று சொல்லி, அந்தத் தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று கொடுத்தார். கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். சாந்தமாகச் சொன்னதால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பார்த்ததைப் பார்த்தபடி போடுகிறவள் கெட்டிக்காரி, மாற்றிப் போடுகிறவள் திமிர் பிடித்தவள். இதைத்தான் நான் படித்தேன், இதைத்தான் சொல்லியும் கொடுத்தேன்.

பிறகு ஓவிய ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி ஒன்று நடந்தது. வந்து பேசியவர் மெதுவாகப் பேசும் மனிதர். பலகையில் மாதிரிப் படம் போடாதீர்கள் என்றார். பிள்ளை தான் கண்டதைத் தன் கையால் போடட்டும், அதில் உங்கள் கை படக்கூடாது என்றார். எல்லாரும் தலையாட்டினோம், சாம்பார் சாதம் சாப்பிட்டோம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினோம். மற்றவர்கள் பஸ் ஏறியதும் மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் பித்துப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து என் வகுப்பில் மலைக்கும் சூரியனுக்கும் தடை. யாராவது வரைந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீ பாத்தத வரை, உனக்குத் தோணுறத வரை" என்று கத்துவேன். சுதந்திரமாக வரையச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டிய ஒரே டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

அவள் என்னிடம் வந்தது ஒன்பதாம் வகுப்பில். ஓரிக்கைப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பெண். ஒல்லி, அதிகம் பேசமாட்டாள், கடைசிக்கு முந்தின பெஞ்ச். நான் கத்தியதைக் காதில் வாங்கி அதன்படி செய்தவள் அவள் ஒருத்திதான். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகளை மட்டும் ஒரு தாள் முழுக்க வரைந்து கொண்டுவந்தாள். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவரை வரைந்தாள். அவர் காதில் சொருகியிருக்கும் பேனாகூட இருந்தது. பத்து வருடம் தேய்த்தாலும் சிலருக்கு வராத கோடு, அவளுக்கு எடுத்த எடுப்பில் வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை.

ஆனால் அவள் வரைந்த முகங்களில் கண் இல்லை. புருவம் இருக்கும், மூக்கு இருக்கும், மூக்குத்தியின் கல் வரைக்கும் இருக்கும். கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள். முதல் தடவை சிவப்பு மையில் 'முடிக்கவில்லை' என்று எழுதி பத்துக்கு ஆறு போட்டேன். இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை என் மேசைக்குக் கூப்பிட்டேன்.

"ஏண்டி, கண்ணு எங்க?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறந்துட்டியா, இல்ல வரலையா?"

"கண்ணு நாங்க எழுத மாட்டோம் மிஸ்."

"நாங்கன்னா யாரு?"

"நானு, எங்கம்மா, எங்க தெருவுல யாருமே எழுத மாட்டோம்."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. அவள் அம்மாவுக்கு ஒரு பொம்மைப் பட்டறையில் வேலை. கொலுவுக்கு வைக்கிற காகிதக்கூழ் பொம்மைகள். அச்சிலிருந்து எடுத்து, காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, அதன்மேல் ஒரு கை வெள்ளை அடிக்க வேண்டும். அந்த வெள்ளை அவள் அம்மாவின் வேலை. அதன் பிறகு உடம்புக்கு நிறம், துணிக்கு நிறம், நகைக்குப் பொன் வண்ணம், அதுவும் அம்மாதான். கண் மட்டும் வேறு. அதை எழுதுவது பட்டறைக்குச் சொந்தக்கார வீட்டுக் கைகள். குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றிவிட்டு, முதலாளியம்மாதான் உட்கார்ந்து எழுதுவார். கண் எழுதினால்தான் அது சாமி, அதுவரைக்கும் வெறும் காகிதம். சாமிக்குக் கண் திறக்கிற கை ராசியான கையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோயிலில் புதுச் சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பதைக் கேள்விப்பட்டுத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். ஆனால் பட்டறையில் வெள்ளை அடிக்கிறவர்கள் எல்லாரும் ஓரிக்கை, தாமல் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவர்கள். கண் எழுதுகிறவர்கள் ஒரே ஒரு வீட்டுக்காரர்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் எழுதி ஒட்டவில்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார்கள், உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆட்டோ வைத்து அனுப்புவார்கள், கண்ணெழுதுகிற தூரிகையை மட்டும் கையில் தரமாட்டார்கள். அவள் அம்மா இருபது வருடமாக அங்கே இருக்கிறார், ஒருநாளும் கேட்டதில்லையாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் எதிரில் நின்றவள் மேல் விழுந்தது.

"இது பொம்மை இல்ல, பேப்பர். இது உன் படம். இதுல நீதான் மொதலாளி. புரியுதா?"

"புரியுது மிஸ்."

"அப்ப போட வேண்டியதுதானே?"

"கை போவ மாட்டேங்குது மிஸ்."

என் மயில் கழுத்து ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் அன்றைக்கு வகுப்பில் மூடநம்பிக்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அவள் டெஸ்கைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடி முடிந்த சமயம் மாவட்ட அளவில் ஓவியப் போட்டி என்று சுற்றறிக்கை வந்தது. தலைப்பு 'எங்கள் ஊர்'. பிள்ளைகளெல்லாம் கோபுரத்தையும் பட்டுப்புடவையையும் வரைந்து கொண்டுவந்தார்கள். அவள் மட்டும் மதிய உணவு இடைவேளைகளில் என் அறைக்கு வந்து, தரையில் பெரிய அட்டையை விரித்துப் போட்டு, இரண்டு வாரம் வரைந்தாள். அவள் அம்மா வேலை செய்யும் பட்டறை. வரிசை வரிசையாக வெள்ளை அடித்த பொம்மைகள், பிள்ளையாரும் கிருஷ்ணனும் செட்டியாரம்மாவும், ஒன்றுக்கும் கண் இல்லை. நடுவில் ஒரு மரப்பலகையில் அவள் அம்மா, இடது கையில் ஒரு பொம்மையைக் கவிழாமல் பிடித்துக்கொண்டு, வலது கையில் பட்டைத் தூரிகையோடு. சேலையின் முழங்கால் பக்கமெல்லாம் வெள்ளைத் தெறிப்பு. அம்மாவின் முகத்திலும் கண் இல்லை. கண்ணில்லாத பொம்மைகளுக்கு நடுவில் கண்ணில்லாத ஒருத்தி. அன்றைக்கு எனக்கு, நல்ல படம், முடித்துவிட்டால் பரிசு நிச்சயம் என்று மட்டும்தான் தோன்றியது.

படம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள். மாலை ஐந்தரைக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். நாலு மணிக்குக் கடைசி மணி அடித்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"கண்ணு?"

படத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்மாவுக்கு மட்டும் போடறேன் மிஸ்" என்றாள்.

என் பேச்சு பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. "போடு, இப்பவே போடு" என்று தூரிகையை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இன்னிக்கி வேணாம் மிஸ். வீட்டுக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு, காலைல வந்து போடறேன்."

"பதினாலு வருசமா அம்மாவப் பாத்துக்கினுதானேடி இருக்க?"

"வரையறதுக்குன்னு கண்ணப் பாத்ததில்ல மிஸ்."

அந்தப் பேச்சுக்கு முன்னால் எந்தக் கெடுவும் கால்தூசி. அலுவலகத்துக்குப் போன் போட்டு ஒருநாள் கேட்டிருக்கலாம். காலையில் முதல் பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்துக் கெஞ்சியிருக்கலாம். இல்லை, கண் இல்லாமலே அனுப்பியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று அவளிடம் சொல்லக்கூட இல்லை. "சரி, போ, பாத்துக்கலாம்" என்றேன். கணக்கு டீச்சர் என்னிடம் சொல்கிற அதே வார்த்தை. அவள் நாலரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

தலைமையாசிரியை போன் செய்து, "படம் கெளம்பிடுச்சா டீச்சர்?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மேல் இமைக்கு ஒரு வளைவு, கீழ் இமைக்கு ஒரு வளைவு, நடுவில் கருவிழி, அதில் வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. மீன் வடிவத்தில் நீளமான கண். எனக்குச் சொல்லிக் கொடுத்த கண், ஆயிரம் தடவை போட்ட கண், பார்க்கவே தேவையில்லாமல் கை தானாகப் போடும். அம்மாவுக்குப் போட்ட கையோடு பொம்மைகளுக்கும் போட்டேன். விட்டால் முடிக்காத படம் என்று தள்ளிவிடுவார்கள் அல்லவா. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தப்பு செய்கிறேன் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, அதுதான் இதில் கேவலம். போட்டிக்குப் போகும் படத்தில் டீச்சர் கடைசியாகக் கை வைப்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. 'ஃபினிஷிங் டச்' என்று அதற்கு ஒரு செல்லப்பெயர்கூட உண்டு.

மறுநாள் பிரார்த்தனைக்கு முன்பே அவள் என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைகூடச் சரியாகப் பின்னவில்லை. சீக்கிரம் வரவேண்டும் என்று கிளம்பியிருக்கிறாள்.

"படம் எங்க மிஸ்?"

"நேத்தே குடுத்தாச்சும்மா. நேத்துதான் கடைசி நாளு."

"கண்ணு?"

"நான் போட்டுட்டேன். லேசாத்தான்."

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். "சரிங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

படத்துக்கு முதல் பரிசு வந்தது. பிரார்த்தனையில் கைதட்டினார்கள், அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். தலைமையாசிரியை படத்தைத் தன் அறையில், நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பலகையில், நாலு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டிவைத்தார். நவராத்திரிக்கு முன்னால் பட்டறையில் மூச்சுவிட நேரமிருக்காது, அதனால் அவள் அம்மாவால் எதற்கும் வரமுடியவில்லை.

அந்த வாரம் ஓவிய வகுப்பில் அவள் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். ஆறு, குடிசை, தென்னை மரம், நாலு காக்கை. என் பழைய கரும்பலகைப் படம் அச்சு அசலாக.

"என்ன இது?"

"இயற்கைக் காட்சி மிஸ்."

"இது நீ வரையறதில்லையே."

"இதுக்குக் கண்ணு வேணாம் மிஸ்."

குத்திக்காட்டுகிற குரலில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த வாரமும் மலைதான், அதற்கடுத்த வாரமும் மலைதான். தடை போட்டவள் நான், ஆனால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. பத்துக்குப் பத்து போட்டேன். வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை. அப்படி ஒரு கையை நானே முடக்கிப் போட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் பெற்றோர் கூட்டம். அன்றைக்கு அவளோடு அவள் அம்மா வந்தார். வெளுத்த நீலச் சேலை, கையில் மஞ்சள் பை, நகக்கண்ணில் எத்தனை தேய்த்தாலும் போகாத வெள்ளை. தலைமையாசிரியை வேறு பெற்றோரிடம் பேசிக்கொண்டிருந்தார். "உள்ள கூட்டிக்கினு போய்ப் படத்தக் காட்டுங்க டீச்சர்" என்றார். நான் "வாங்கம்மா" என்று திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

அவருடைய இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழி முழுக்க வெள்ளைப் படலம். வலது கண் சின்னது, ஓரத்தில் சுருக்கம், உழைக்கிறவர்களுக்கே உரிய அலுப்பு. நான் போட்ட மீன் கண்கள் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. அவளுக்கு ஒரு இரவு ஏன் தேவைப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் இருவருக்கும் பின்னால் நடந்தேன்.

அம்மா படத்தின் எதிரில் நின்று வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"நம்ம பட்டறைதான் மிஸ். தா பாருங்க, அந்த வெள்ளை வாளி. அந்த ஒடஞ்ச ஸ்டூலு. எல்லாத்தையும் போட்டிருக்குது." பிறகு நடுவில் இருந்த முகத்தைக் காட்டினார். "இது யாருடி?"

பெண் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. "மொதலாளியம்மா" என்றாள்.

"அதானே பாத்தேன். அவங்க கண்ணுதான் இது, பெருசா." அம்மாவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. "ஆனா அவங்க எதுக்கு என் பலகைல ஒக்காந்துக்கினு இருக்காங்க?"

அவள் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். பதினாலு வயதுப் பெண், தன் அம்மாவின் இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்து, டீச்சரின் மானத்தைக் காப்பாற்றுகிறாள். அதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை.

"அது மொதலாளியம்மா இல்லம்மா" என்றேன். "நீங்கதான். உங்களத்தான் வரைஞ்சா. கண்ணு மட்டும் நான் போட்டது. உங்களப் பாத்துட்டு வந்து போடறேன்னு சொன்னா, நான் விடல. என் அவசரத்துக்கு நானே போட்டுட்டேன். தப்பு என்னுது."

அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா படத்துக்குப் பக்கத்தில் போய், இரண்டு விரலை நீட்டி, நான் போட்ட கண்கள் இரண்டையும் மறைத்துப் பிடித்தார். அப்படியே தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்பத் தெரியுது" என்றார். "ஆமா, நாந்தான். இது என் காது. இந்த வளையலு என்னுது. பொம்மையக் கழுத்துக்குக் கீழ புடிச்சிருக்கேன் பாரு, நான் அப்படித்தான் புடிப்பேன்."

விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். பெண் இப்போது அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

"அழுவாதடி. வெள்ள அடிச்சா போச்சு" என்றார் அம்மா. "அதுதானே நம்ம வேலை. மிஸ், இத நாங்க வீட்டுக்கு எடுத்துக்கினு போலாமா?"

வாசலில் வந்து நின்ற தலைமையாசிரியைக்கு விஷயம் பாதி கேட்டுவிட்டது. என்னைத் தனியாக இழுத்து, "எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதானே டீச்சர், இதப் போய் பேரன்ட்ஸ்கிட்ட சொல்லிக்கினு. பரிசு வாங்குன படம், வெளிய அனுப்ப முடியாது" என்றார். வழக்கமாக நான் "சரிங்க மேடம்" என்றுதான் சொல்வேன். அன்றைக்கு, "பரிசு என் கண்ணுக்குக் குடுத்தது மேடம். வேணும்னா நானே எழுதிக் குடுக்கறேன், வாபஸ் வாங்கிக்கட்டும். படம் அவளுது" என்று சொல்லிவிட்டு, அவருக்கு எதிரிலேயே நாலு குண்டூசியையும் பிடுங்கினேன். நான் எழுதியும் கொடுத்தேன். அந்தக் கடிதம் அவர் மேசை டிராயரிலேயே கிடக்கிறது என்று பிறகு தெரிந்தது.

அவர்கள் போனபின் என் அறைக்கு வந்து, பழைய படங்கள் வைத்திருக்கும் பீரோவைத் திறந்தேன். இருபது வருடத்தில் போட்டிகளுக்குப் போய்த் திரும்பி வந்த படங்கள், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டவை. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். அம்மன், மீனவப் பெண், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே கண். என் கண். கீழே ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அழகாக எழுதியிருந்தது, அதுவும் என் கையெழுத்துத்தான். அந்தப் பெண்களெல்லாம் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அவர்களில் யாராவது மறுநாள் காலை சீக்கிரம் வந்து என் அறை வாசலில் நின்றிருக்கலாம், நான்தான் கவனித்திருக்க மாட்டேன். பீரோவைப் பூட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

திங்கட்கிழமை அவள் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். என் மேசையில் விரித்தாள். பொம்மைகள் எல்லாம் பழையபடி வெள்ளையாக இருந்தன. அம்மா அடித்த வெள்ளை, ஒரு திட்டு தெரியவில்லை, கை அவ்வளவு சுத்தம்.

"பொம்மைக்குப் போடல மிஸ். அம்மாகிட்ட இருக்கறப்ப அதுக்குக் கண்ணு இருக்காது" என்றாள்.

அம்மாவுக்குப் போட்டிருந்தாள். வலது கண் சின்னதாக, சுருக்கத்தோடு, தூரிகை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது கண்ணுக்கு இமையை மட்டும் வரைந்து, உள்ளே தன் அம்மா அடித்த வெள்ளையை அப்படியே விட்டு, சுற்றி மெல்லிசாக ஒரு சாம்பல் வட்டம் போட்டிருந்தாள். நான் பார்த்த அதே கண்.

"அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க மிஸ்."

"என்ன சொன்னாங்க?"

"பூவையும் போட்டியாடின்னு கேட்டாங்க. வேணாம்னா அதுக்கு மேலயும் வெள்ள அடிச்சிரும்மான்னு சொன்னேன்." படத்தை மறுபடி செய்தித்தாளில் சுற்றினாள். "இருக்கட்டும், அது என் கண்ணுதானேன்னு சொன்னாங்க."